உறைக்கு ஒரு கரண்டி

புனேயில் எங்கள் ஆய்வகத்து எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு ஈரம் ஆகாது. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட அறைக்குள் வைத்துத்தான் எதையும் பார்க்க வேண்டும். துளி ஈரம் இருந்தாலும் ஆவியாகிக் காரியத்தைக் கெடுக்கும். அதனால் முதலில் உலர்த்த வேண்டும். பிறகு மேலே மெல்லிசாகத் தங்கம் பூச வேண்டும். பூசாவிட்டால் படம் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைக்கும். பிம்ப்ரியிலிருந்து வரும் மருந்துத் தூள், தளேகாவில் ஏதோ தொழிற்சாலையில் உடைந்த போல்ட்டின் மேல் படிந்த தூசி, ஆராய்ச்சி மாணவிகள் பொத்திப் பொத்திக் கொண்டுவரும் இலைத் துணுக்கு, பிஸ்கட் மாவு என்று எல்லாவற்றையும் அந்த அறைக்குள் அனுப்பியிருக்கிறேன். "எனக்கு ஒரு வளையல் வாங்கித்தர யோசிக்கிறீங்க, கொசுக்காலுக்குத் தங்கம் பூசறீங்க" என்பாள் என் மனைவி.

அவளுக்கு வங்கியில் வேலை. பதவி உயர்வோடு மாற்றலும் வந்தது, கோயம்புத்தூருக்கு. எங்கள் இருவருக்கும் அதுதான் சொந்த ஊர். அங்கே அவள் அப்பா முட்டி வலியோடு தனியாக இருக்கிறார். இரண்டு வருஷம்தானே என்று போனாள். வீட்டில் நாங்கள் இருவர்தான் என்பதால், அவள் போனதும் நான் ஒருவன்தான்.

புனே ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். "உறை அத்துப்போகாம பாத்துக்குங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

அது அவள் கல்யாணமான புதிதில் அம்மா வீட்டிலிருந்து சின்னத் தூக்கில் கொண்டுவந்த தயிர். அன்றிலிருந்து தினமும் ஒரு கரண்டி எடுத்து அடுத்த நாள் பாலுக்கு ஊற்றி ஊற்றி, ஒரே தயிரை வளர்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் குடியிருப்பில் ஐடி வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. குளிர்காலத்தில் அவர்கள் வீட்டுப் பால் உறையாமல் அடம்பிடித்தால் கிண்ணத்தோடு எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். தாராளமாகக் கொடுப்பாள். ஆனால் சாயங்காலம் சாமிக்கு விளக்கேற்றிய பிறகு கலெக்டரே வந்து கேட்டாலும் கிடையாது. "விளக்கு வெச்சாச்சுங்க, காலையில வாங்க" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துவாள். பாக்டீரியாவுக்கு விளக்கு வைத்தது தெரியுமா என்று நான் கத்துவேன். "எனக்குத் தெரியுமே" என்பாள்.

எனக்குத் தயிர் அவ்வளவாகப் பிடிக்காது. இருந்தும் அவள் போன பிறகு ஒரு நாள் தவறாமல் உறை ஊற்றினேன். சுடுகிறதா என்று விரலை விட்டுப் பார்த்தேன். ஜனவரியில் பாத்திரத்துக்கு அவளுடைய பழைய சால்வையைச் சுற்றினேன். மோராகவும் குழம்பாகவும் தின்று தீர்த்தேன்.

இரண்டு வருஷம் முடியப்போகும் சமயம். திரும்பப் புனேயா, அங்கேயேவா என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். தினமும் போனில் வெயிலைப் பற்றியும் அவள் அப்பாவின் முட்டியைப் பற்றியும் பேசினோம். அதை மட்டும் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டால்?

அப்போதுதான் ஒரு பால் பண்ணையிலிருந்து தங்கள் தயிரைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார்கள். தயிரை அதன் உருக்குலையாமல் உலர்த்துவது லேசில்லை. வாடிக்கையாளர் பொருளில் கைவைக்கும் முன் சொந்தப் பொருள் ஒன்றில் பழகிக்கொள்வது எங்கள் வழக்கம். வீட்டுத் தயிரைக் கொண்டுவருகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். காலை அவசரத்தில் ஃபிரிட்ஜில் இருந்த டப்பாவை அப்படியே எடுத்துப் பையில் போட்டேன்.

வேண்டியது கடுகளவு. அதை எடுத்து மருந்தில் ஊறப்போட்டாயிற்று. மீதி டப்பாவோடு சாப்பாட்டு மேஜைக்குப் போனேன். கூட வேலை செய்கிற மராட்டிக்காரர், சாப்பாடு மிஞ்சுவதைக் கண்ணால் காணப் பொறுக்காதவர், சோற்றில் கவிழ்த்துச் சர்க்கரையும் தூவிக்கொண்டார். "ச்சான் ஆஹே" என்று, நன்றாக இருப்பதாகச் சொன்னார். என் மனைவியின் தயிர் என்று சொல்லிக்கொண்டே நானும் டப்பாவை வழித்தேன்.

சாயங்காலம் பாலைக் காய்ச்சி, பதமாக ஆற்றி, கரண்டியோடு ஃபிரிட்ஜைத் திறந்தபோதுதான் உறைத்தது. உறைக்கு ஒரு சொட்டு இல்லை.

அவளிடம் உறை வாங்கிய வீடுகளுக்கெல்லாம் போனேன். எல்லோரும் எப்போதோ பாக்கெட் தயிருக்கு மாறியிருந்தார்கள். நானும் ஒரு பாக்கெட் வாங்கி உறை ஊற்றினேன். வெட்டிவைத்த மாதிரி கெட்டியாகத் தோய்ந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. அவளிடம் மூச்சுவிடவில்லை.

ஆய்வகத்துத் தயிரை ஆல்கஹாலில் படிப்படியாகக் கழுவி, உலர்த்தி, தங்கம் பூசி உள்ளே வைத்தேன். திரையில் கறுப்பு வெள்ளையில் ஒரு வலை விரிந்தது. அதன் பொந்துகளில் மணி கோத்தாற்போல உருண்டை உருண்டையாகவும், நடுவே குச்சி குச்சியாகவும் கிருமிகள். அவள் தூக்கில் வைத்து ரயிலில் மடியோடு அணைத்துக் கொண்டுவந்தது இதைத்தான். இத்தனை வருஷம் கூடவே இருந்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். தெளிவான படம். ஆனால் அவற்றில் எதுவும் இனி ஒரு கரண்டிப் பாலைக்கூட உறைய வைக்காது. எனக்கு அவள் வேண்டும்போல் இருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பக்கத்தில் வேண்டும்போல் இருந்தது.

படத்தை அவளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"நம்ம தயிருங்களா?"

"ஆமா."

"அழகா இருக்குதுங்க. வீட்டுல உறைக்கு எடுத்து வெச்சிருக்கறீங்கல்ல?"

தங்கம் பூசிய விதத்தை நான் விளக்க ஆரம்பித்தேன். இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அது போதும். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"என்கிட்ட இருக்குதுங்க. வர்றப்பவே ஒரு டப்பாவுல எடுத்துட்டு வந்துட்டேன்" என்றாள்.

எனக்குச் சட்டென்று தைரியம் வந்துவிட்டது. "அப்ப வரும்போது கொண்டு வந்துரு" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் அப்பா இருமுவது கேட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து பேசினாள்.

"இங்கயே இருக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டேனுங்க. அப்பாவால இப்ப எந்திரிக்கவே முடியல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல." குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "உறை வேணும்னா நீங்க வந்து வாங்கிக்குங்க. விளக்கு வெக்கறதுக்கு முன்னாடி வந்துருங்க."

எங்கள் வாசலில் கிண்ணத்தோடு நின்றவர்களிடம் பேசுவாளே, அதே குரல். சரி என்றேன். போனை வைத்ததும், கோயம்புத்தூருக்குக் காலையில் போய்ச் சேருகிற ரயிலாகப் பார்த்து டிக்கெட் போட்டேன்.