புனிதவதி போட்ட கையெழுத்து

பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு, கிள்ளானில் வேலை. ஒரு தனியார் மருத்துவமனையில் தட்டச்சராகச் சேர்ந்த புனிதவதி, வேலை முடிந்து வகுப்புகளுக்குப் போய்ப் படித்து, நாற்பத்தொரு வயதில் அங்கேயே கணினிப் பிரிவின் பொறுப்பாளர் ஆனாள். அவளுக்குக் கீழே ஒரே ஆள் ஜெயராஜ், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கேபிள் இழுப்பது முதல் பிரிண்டருக்கு மை போடுவது வரை எல்லாம் அவன்தான்.

1997இல் மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் எழுந்தது. பிரசவ வார்டும் ரத்தப் பரிசோதனைக் கூடமும் அதற்குப் போயின. பதிவு கவுண்டரும் அலுவலகமும் பழைய கட்டடத்திலேயே இருந்தன. இரண்டிலும் தனித்தனிக் கணினி வலை. நடுவே எந்தக் கருவியை வைத்து இணைப்பது, சுவிட்சா, ரவுட்டரா?

“ரவுட்டர்தான் வைக்கணும் சார்,” என்றாள் மேலாளர் தம்புசாமியிடம். “சுவிட்ச் வச்சா ரெண்டும் ஒரே வலையாயிடும். இங்க ஒரு கோளாறுன்னா அங்கயும் படுத்துடும். ரவுட்டர்னா இங்க உள்ள கூச்சல் இங்கயே நின்னுடும்.”

“எத்தன நாளாகும்?”

“ரெண்டு வாரம். எல்லா கம்ப்யூட்டருக்கும் நெட்வொர்க் அட்ரஸ் மாத்தணும்.”

“திங்கக்கிழமை ஓப்பனிங்லா! சுவிட்சுன்னா ஒரே நாள்ல முடிஞ்சிடும். இப்ப அத மாட்டுங்க, அப்பறம் பாத்துக்கலாம்.”

சுவிட்ச் போதும் என்று எழுதிய படிவத்தை அவள் முன் தள்ளினார். புனிதவதி அதை வாங்கிப் படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு புதன்கிழமை முற்பகல், பதிவு கவுண்டரில் மேசைகளை மாற்றிப் போட்ட ஜெயராஜ், ஒரு வயரின் இரண்டு முனைகளையும் தெரியாமல் ஒரே சுவிட்ச் பெட்டியில் குத்திவிட்டான். அனுப்பிய தகவலே திரும்பத் திரும்பச் சுற்றி, இரண்டு கட்டடத்திலும் எல்லாத் திரைகளும் உறைந்தன. எங்கும் தொலைபேசி அலறியது. சர்வரில்தான் கோளாறென்று நினைத்துப் புனிதவதி அதனோடு இருபது நிமிடம் போராடினாள். கோளாறு வலையில் என்று சட்டென்று உறைத்தது. ஓடிப்போய், இரு கட்டடங்களையும் இணைத்த கேபிளைப் பிடுங்கினாள். புதுக் கட்டடத்துக்கு உயிர் வந்தது.

அந்த நேரத்தில் பிரசவ வார்டில் அப்போதுதான் பெண் குழந்தை பெற்றிருந்த ஜெய்னம்புவுக்கு ரத்தப்போக்கு நிற்காமல் இருந்தது. ரத்தம் தயார் என்ற செய்தி பரிசோதனைக் கூடத்தின் கணினியிலேயே முடங்கிக் கிடந்ததால், ரத்தம் வந்து சேரத் தாமதமானது. உயிரைக் காப்பாற்றினார்கள், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. அவளுக்கு அதுதான் தலைப்பிரசவம். தாமதத்தால்தான் இப்படி ஆனதா என்று டாக்டர்களாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் தம்புசாமி கூப்பிட்டார். “ஜெயராஜ் வயர தப்பா குத்திட்டான்னு ரிப்போர்ட் எழுதுங்க. அதோட முடிஞ்சிடும்.”

“வயர தப்பா குத்துறது எந்த ஆபீஸ்லயும் நடக்கும் சார். அது பிரசவ வார்டு வரைக்கும் போனதுக்கு நான் சைன் பண்ணதுதான் காரணம்.”

“யோசிச்சுப் பேசுங்க. உங்க வேலை போயிடும்.”

அவள் யோசித்துத்தான் வந்திருந்தாள். தான் சொன்னது, அவர் சொன்னது, பிறகு தான் கையெழுத்திட்டது, மூன்றையும் மறைக்காமல் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள்.

ஜெயராஜின் வேலை தப்பியது. அதே மாதம் ரவுட்டர் வந்தது; அட்ரஸ் மாற்றும் வேலையை இருவரும் சேர்ந்து முடித்தார்கள். முடித்த வாரமே அவளைக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். தம்புசாமி தம் நாற்காலியிலேயே இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஜெய்னம்புவின் வீட்டைத் தேடிப் போனாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். துணிக்கடை வைத்திருக்கும் ஜெய்னம்புவின் கணவர் பாவா நின்றபடியே கேட்டார்.

“ஆபத்துன்னு தெரியுமில்ல? தெரிஞ்சும் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?”

“தைரியம் வரல அண்ணே.”

வேறு சமாதானம் எதுவும் அவள் சொல்லவில்லை. பாவா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஜெய்னம்பு மடியில் தூங்கிய பெண் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள்.

“உக்காருங்க அக்கா,” என்றாள் கடைசியில்.

புனிதவதி உட்கார்ந்தாள்.