நிருதி லிங்கத்தில் மட்டும் வெயில்

ஞாயிற்றுக்கிழமை வாங்கிய அதிர்ச்சி எனக்கு இன்னும் தெளியவில்லை. உங்களிடம் கொட்டித் தீர்த்தாலாவது தெளிகிறதா பார்க்கலாம். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்... வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரியுங்கள்.

என் மகள் தாரிணி பிளஸ் ஒன் படிக்கிறாள். தோழிகள் நான்கு பேரோடு கிரிவலம் போக வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரிப்பு. பௌர்ணமிக் கூட்டத்தில் விடவே மாட்டேன் என்றேன். "அப்ப சாதாரண ஞாயித்துக்கிழமை காலையில?" என்று கேட்டாள். மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. சரி, ஆனால் ஒரு கண்டிஷன் என்றேன். மலையைச் சுற்றி எட்டு லிங்கம் இருக்கிறதல்லவா? ஒவ்வொன்றின் வாசலிலும் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். ஊருக்கெல்லாம் அவை சன்னதி. எனக்குச் செக்போஸ்ட்!

காலை ஐந்தரைக்கு வெறுங்காலோடு கிளம்பினாள். ஆறு மணிக்கு இந்திர லிங்கம் போட்டோ வந்தது. பிறகு அக்னி, எமன் எல்லாம் வரிசையாக வந்தன. சமையலறைக்கும் போனுக்குமாக நான் நடந்த நடையில் எனக்கே பாதி கிரிவலப் புண்ணியம் சேர்ந்திருக்கும்.

ஏழேகாலுக்கு மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீடு வேங்கிக்காலில், மலைக்கு இந்தப் பக்கம். மாடிக்கு ஓடிப்போய்த் துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கினேன். ஏழு நாற்பதுக்கு நிருதி லிங்கம் போட்டோ வந்தது. தாரிணி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் பளீரென்று வெயில். தரை காய்ந்து கிடக்கிறது.

"என்னங்க, இங்க பாருங்க... இங்க இப்படிக் கொட்டுது, அங்க வெயிலடிக்குது!"

என் கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. "மலைக்கு அந்தப் பக்கம் பெய்யல போல."

இருக்கலாம்தான். ஆனால் என் மனசு கேட்குமா? யாரோ பழைய போட்டோவை அனுப்புகிறார்கள். யார்? போன் யார் கையில் இருக்கிறது? என் பெண் எங்கே? இரண்டே நிமிடத்தில் மனசுக்குள் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் நம்பரை அழுத்தினேன்.

ரிங் போனது. எங்கே தெரியுமா?

என் கணவரின் சட்டைப் பையில்!

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பனியனோடு திரிகிற மனிதர், விடிந்ததிலிருந்து பை வைத்த சட்டையோடு உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அவரும் போனைச் சைலன்ட்டில் போட மறந்திருக்கிறார்.

போனும் கையுமாக அவர் முன்னால் போய் நின்றேன். அவர்தான் பேசினார். முந்தைய ஞாயிறு பைக்கை சர்வீசுக்கு விடுவதாகச் சொல்லிவிட்டு அப்பாவும் மகளும் கிளம்பினார்களே... சர்வீசுக்குப் போகவில்லை. மலையைச் சுற்றி எட்டு லிங்கத்திலும் அவளை நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள், அதே சுடிதாரில். அவற்றைத்தான் இவர் நேரம் பார்த்து ஒவ்வொன்றாக எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மழை ஒன்றுதான் அவர்கள் திட்டத்தில் இல்லை.

"பொண்ணு கையில போன் இல்லாம அனுப்பிட்டு... நீங்கல்லாம் ஒரு அப்பாவா?" என்று கத்தினேன்.

"கூடப் போன ரெண்டு பேர்கிட்ட போன் இருக்கு. அந்த நம்பர் என்கிட்ட இருக்கு. அஞ்சு பேரும் ஒண்ணாத்தான் நடக்கறாங்க" என்றார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "உன் போன் வந்தா அவ என்ன பண்றான்னு நீ பார்த்திருக்கியா? நான் பார்த்திருக்கேன். உடனே எடுக்க மாட்டா. கண்ண மூடி மூச்ச இழுத்து விடுவா. தொண்டையக் கனைச்சு குரல சரி பண்ணிக்குவா. அப்புறம்தான் 'சொல்லும்மா'ங்கறா. ஒரு நாலு மணி நேரம் அது இல்லாம நடக்கணும்னு கேட்டா. என்னால முடியாதுன்னு சொல்ல முடியல" என்றார்.

போன் சட்டைப் பையில் அடித்ததுகூட அதிர்ச்சி இல்லை. இதுதான் அதிர்ச்சி. அந்த 'சொல்லும்மா'வைக் கேட்டு, என் பெண் எவ்வளவு தெளிவாக இருக்கிறாள் என்று பெருமைப்பட்டவள் நான்!

ஸ்கூட்டி சாவியை எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. "போ. ஆனா நீ இப்ப போய் அங்க நின்னேன்னா, அவ இனிமே நம்மகிட்ட கேட்டுட்டு எங்கயும் போக மாட்டா. கேக்காமத்தான் போவா."

சாவியைத் திரும்ப மாட்டினேன். அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த மூன்று மணி நேரம் சின்ன வெங்காயம் உரித்தேன். ஒரு கிலோ. ஒவ்வொரு வெங்காயத்துக்கும் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு தடவை வாசலை எட்டிப் பார்த்தேன். இத்தனை வருஷமாக இதற்கெல்லாம் பாசம், பொறுப்பு என்று பேர் வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் ஒளிக்காமல் ஒத்துக்கொண்டேன். இது பயம். என்னுடைய பயம். அதை நான் பார்த்துக்கொள்ளாமல் ஒரு சின்னப் பெண்ணின் தலையில் ஏற்றி, எட்டு இடத்தில் நின்று கணக்குக் காட்டு என்று அனுப்பியிருக்கிறேன். என்ன அம்மா நான்?

நடுவில் ஒருமுறை, "அந்த நம்பருக்கு ஒரே ஒரு தடவை பேசட்டுமா?" என்று கேட்டேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார்.

பத்தேமுக்காலுக்கு கேட் திறந்தது. தாரிணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வாசலில் நான் நிற்பதைப் பார்த்தாள்... அந்த முகம் சட்டென்று சுருங்கிப்போனது. பெற்றவளைப் பார்த்து!

"அம்மா... வந்து... போன்ல சார்ஜ்..." என்று ஆரம்பித்தாள்.

கேட்பதற்கு என்னிடம் முப்பது கேள்விகள் இருந்தன. எல்லாவற்றையும் விழுங்கினேன். "போன் அப்பா பையில இருக்கு. எனக்குத் தெரியும். மொதல்ல தலையத் துவட்டு. இட்லி இருக்கு, சாப்பிடு."

நம்பாமல் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். நாலாவது இட்லியில்தான் வாய் திறந்தாள். அடி அண்ணாமலையில் ஒரு குரங்கு தோழியின் பன்னைப் பிடுங்கியது, மழையில் ஐந்து பேரும் ஒரே டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே நின்றது, கால் கொப்புளம்... முக்கால் மணி நேரம் பேசினாள். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் கேட்ட எட்டு போட்டோவும் வந்திருந்தால்கூட அவற்றில் இதில் எதுவுமே இருந்திருக்காது.

மறுநாள் டியூஷனுக்குப் போனாள். ஆறு மணிக்கு வழக்கமாக நான் கூப்பிடுவேன். அன்று கூப்பிடவில்லை. போனை பீரோவுக்குள் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். ஆறு ஐந்து. ஆறு பத்து. செத்துப் பிழைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆறே காலுக்கு பீரோவுக்குள் போன் அடித்தது. தாரிணி!

"அம்மா, ஏன் இன்னும் போன் பண்ணல? உனக்கு உடம்பு ஏதாச்சும் சரியில்லையா? வீட்டுக்கு வந்துடட்டுமா?"

குரலில் அப்படி ஒரு பதற்றம்... சந்தேகமே வேண்டாம், என் பெண்தான்.