அதிபர் கோவணத்தோடு வந்த கனவு

கனவில் நிற்கிறோம் என்று தெரிந்துவிட்டால் நேரம் நமக்குக் கட்டுப்படும் என்று பத்து வயதில் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், அதை வைத்து உயிரையும் விடப் பார்த்தேன்.

என்னிடம் ஆதாரம் இருந்தது. கரவெட்டியில் எங்கள் வீட்டில் காலையில் அம்மா இரண்டு முறை கூப்பிடுவார். முதல் கூப்பாடு கனவுக்குள்ளேயே கேட்கும். இது கனவு என்று அப்போதே விளங்கிவிடும். உடனே வல்வெட்டித்துறைக் கடலுக்குள் இறங்கி, அடியில் ஆறுதலாக நடப்பேன். மீன்களோடு கதைப்பேன். மூச்சு முட்டாது. ஒரு முழுப் பள்ளி விடுமுறையையும் அங்கே கழித்துவிட்டுத் திரும்பும்போதுதான் இரண்டாவது கூப்பாடு வரும். கண்ணைத் திறந்தால், முதல் கூப்பாட்டின்போது அடுப்பில் போட்ட தோசை இன்னும் திருப்பிப் போடாமல் கிடக்கும்.

அந்த வருட ஆடி அமாவாசைக்கு மாமா என்னைக் கீரிமலைக்குக் கூட்டிப்போனார். விடியுமுன் எழுப்பியதால் வழி முழுக்க நித்திரை தூங்கி விழுந்தேன். ஆண்கள் கேணிப் படியில் நின்று மாமா சட்டையைக் கழற்றும்போது, தண்ணீருக்குள் எங்கள் பள்ளிக்கூட அதிபரைக் கண்டேன். வெள்ளைக் களிசானும் பிரம்பும் இல்லாமல் அவரை நான் பார்த்ததே கிடையாது. இங்கே அவர் கோவணத்தோடு, மூக்கைப் பொத்திக்கொண்டு முங்கி முங்கி எழும்பினார். ஒரு படி மேலே ஏறியபோது பார்த்தால், அவருக்குத் தொப்புள்கூட இருந்தது.

இது கனவேதான் என்று முடிவு செய்தேன்.

கனவென்றால் என்ன அவசரம். மெல்ல இறங்கி, ஆழமான பக்கம் போய், அடியில் குந்தி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன்.

மூக்கு எரிந்தது. கனவில் மூக்கு எரிவதில்லை. நேரம் நீளத் தொடங்கியது, ஆனால் நான் விரும்பிய விதத்தில் இல்லை. என் வகுப்புப் பெடியங்கள் எல்லாரும் வளர்ந்து, கல்யாணம் கட்டி, என் படத்துக்கு மாலை போடுவது தெரிந்தது. தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். குருநகர் மாதாவையும் விடவில்லை.

ஒரு கை என்னைப் பிடித்து மேலே தூக்கியது. இருமி முடித்து நிமிர்ந்தால் எதிரே அதிபர்.

"சேர், இது கனவுதானே?"

"ஓம் தம்பி, கனவுதான். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் வா, வடிவா எழுப்பிவிடுறன்."

மாமா அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "என்ன சேர், உவன் என்ன செய்தவன்?"

"ஒண்டுமில்லை. மீன் பிடிக்கப் பாத்தவன்."

திங்கட்கிழமை பிரம்படிக்குப் பயந்து, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு களிசான் போட்டுக்கொண்டு போனேன். அதிபர் என்னைக் கடந்து போனார். அவ்வளவுதான்.

அரை மணித்தியாலம் தண்ணீருக்கு அடியில் இருந்தவன் என்று ஊர் முழுக்கப் பெருமை அடித்துத் திரிந்தேன். போன வருடம், வயதாகிப்போன அதிபரைச் சுகம் விசாரிக்கப் போனபோது, எவ்வளவு நேரம் இருந்திருப்பேன் என்று கேட்டேன். சிரித்தார்.

"நீ ஆழப்பக்கம் திரும்பேக்கையே பின்னாலை வந்திட்டன். நீ மூழ்கினதும் நான் பிடிச்சதும் ஒண்டாத்தான் நடந்தது."

பிறகு, வேறு எதையோ கதைப்பதுபோலச் சொன்னார். அவருடைய தகப்பன் இறந்தபின் வந்த முதல் ஆடி அமாவாசை அது. தகப்பனுக்காக முழுகிக்கொண்டிருந்தவர், அதைப் பாதியில் விட்டுவிட்டு என் பின்னால் வந்திருக்கிறார்.