இரைச்சல் இல்லாத பெட்டி

எங்கள் அம்மா செய்த பெட்டியின் பெருமையே, அது தன் குரலைக் காட்டாது என்பதுதான். பாடுகிறவரின் குரல் மைக்கிலிருந்து ஒயருக்குள் வரும்போது கொசு முனகலைவிட மெலிதாக இருக்குமாம். அதைத் தூக்கி நிறுத்திப் பதிவுக் கருவிக்குக் கொடுப்பதுதான் ப்ரீஆம்ப். தூக்குகிற சாக்கில் அது தன் பங்குக்கு ஓர் 'உஸ்'ஸைக்கூடச் சேர்த்துவிடக் கூடாது. அந்த 'உஸ்'ஸை விரட்டத்தான் குத்தாலத்துக்குப் பக்கத்தில், வயலை ஒட்டிய எங்கள் வீட்டின் பின்னறையில், அம்மா சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"ஊர்ல எல்லாரும் சத்தம் வரத்தான் பெட்டி செய்வாங்க. நீ சத்தம் வராம இருக்கச் செய்யிற!" என்று பெரியப்பா கேலி செய்வார். பாகம் பிரித்ததிலிருந்து அவரும் அப்பாவும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எங்கள் வீட்டு வாசற்படியையும் அவர் மிதிப்பதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவைக் கேலி செய்வதை மட்டும் விடவில்லை.

என் கவலை வேறு. பெட்டி விலைபோகாவிட்டால் அம்மா சென்னையில் பழைய வேலைக்கே திரும்பிவிடுவாள், நான் அப்பாவிடம் இருப்பேன் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அப்பா நல்லவர்தான். ஆனால் அவர் பின்னிவிட்ட தலையோடு ஒருநாள் பள்ளிக்கூடம் போய் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அம்மா இல்லாத வீட்டை நினைத்தாலே அழுகை வந்தது.

மயிலாடுதுறையில் ஒரு கல்யாணத்துக்கு வந்த சென்னை ஒலிப்பதிவு எஞ்சினியர் ஒருவர், அப்படியே வந்து பெட்டியைக் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அன்று எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை, ஃபேன் சுற்றவில்லை. கோழிகளைக்கூடக் கூடையில் போட்டு அத்தை வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

எஞ்சினியர் வந்ததும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பெட்டியின் குமிழை முழுக்கத் திருகினார். புருவம் சுருங்கியது.

"உஸ்ஸுன்னு ஒண்ணு கேக்குதேம்மா. மட்டமான பெட்டியிலதான் இப்படி வரும்."

அம்மா வாங்கிக் கேட்டாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த நிமிஷம் அவள் மைக் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில், வெளிச்சத்தம் எதையும் வாங்காத ஒரு சின்ன ரெசிஸ்டரைச் செருகினாள்.

"இப்பக் கேளுங்க சார்."

"இப்ப இல்லையே!"

"அப்ப பெட்டியில இல்ல சார். வெளியிலேருந்து மைக் வழியா வருது."

"இருக்கலாம். ஆனா மைக்கோட கேட்டாத்தான் நான் முடிவு சொல்ல முடியும்."

அம்மா கொல்லைப் பக்கம் ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா. வாய்க்காலில் அன்று அவருடைய முறை. வரப்பில் தண்ணீர் புகும் வாமடையை வெட்டிவிட்டுக் குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். தண்ணீர் விழுகிற அந்தச் சத்தந்தான் உள்ளே மட்டமான பெட்டியின் இரைச்சலாகக் கேட்டிருக்கிறது.

"பெரியத்தான், கொஞ்ச நேரம் அடைக்க முடியுங்களா? தண்ணி விழுறது மைக்ல கேக்குது. வந்தவரு பெட்டியச் சந்தேகப்படுறாரு."

"இங்க விழுறது அங்க கேக்குதா?"

"ஆமாங்க."

பெரியப்பா நாற்றங்காலைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். மண்வெட்டியால் சேற்றை அள்ளி வாமடையை அடைத்தார்.

"போம்மா, போயி வேலையப் பாரு."

கொஞ்ச நேரம் என்றது சாயங்காலம் வரை இழுத்தது. எஞ்சினியர் தன் வெளிநாட்டுப் பெட்டியையும் அம்மாவின் பெட்டியையும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். அம்மாவைப் பேசச் சொன்னார், என்னைக் காகிதம் கசக்கச் சொன்னார், பிறகு எல்லோரையும் சும்மா இருக்கச் சொல்லி அதையும் கேட்டார். கடைசியில், "முதல்ல ஒரு பத்துப் பெட்டி செஞ்சு அனுப்புங்கம்மா" என்றார். நான் குதித்த குதியில் கூடம் அதிர்ந்தது.

அவர் கார் போனதும், சேற்றுக் காலோடு பெரியப்பா கொல்லை வழியாக வீட்டுக்குள் வந்தார். "எங்க, நானும் கேக்குறேன் குடு" என்றார். அம்மா ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு மைக்கை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.

"தண்ணிச் சத்தமே இல்லம்மா" என்றார்.

நான் கைதட்டினேன். இத்தனை நாள் கேலி செய்தவரே தோற்றுப்போய் அம்மாவின் பெட்டியைப் பாராட்டிவிட்டாரே! அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வாய்க்கால் முறை பொழுதோடு அடுத்த ஊருக்குப் போய்விட்டதும், மறுமுறை வருவதற்குள் நாற்று காய்ந்துவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். எனக்கு யார் சொன்னார்கள்?

மூலையில் இருந்த அப்பா அண்ணனிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனார். போர் மோட்டாரைப் போட்டு, தண்ணீர்க் குழாயை வேலிப் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வயலுக்குத்தான் நேற்றே தண்ணீர் கட்டியாயிற்றே. பத்துப் பெட்டி சந்தோஷத்தில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.