கண் எழுதாத மண்பிள்ளை

தாலுகா கச்சேரியிலேயே தலை நரைத்தவன் நான். சாட்சியும் கையொப்பமும் இல்லாமல் பேயே நேரில் வந்து நின்றாலும் வந்ததாக எழுத மாட்டேன். இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பப் போவதில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

உத்தியோகம் முடிந்து தேவதானப்பட்டிக்கு வந்த பிறகு எனக்கிருந்த ஒரே ஆசை கூடத்துக் கண்ணாடி அலமாரிதான். மலைமேல் அணை வேலைக்கு வந்த துரைமார் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போகும் அலங்காரச் சாமான்களை வாங்கி அடுக்கியிருந்தேன், பீங்கான் நாய், தொப்பி வைத்த சீமாட்டி, உள்ளே பூ தெரியும் கண்ணாடி உருண்டை, இப்படி. சாவி என் இடுப்பைவிட்டு இறங்காது.

என் மகள் மீனாட்சிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருந்தாள். இதுவாவது பிழைத்தால் அய்யனார் கோயிலில் மண்பிள்ளை வைப்பதாக என் மனைவி வேண்டிக்கொண்டு, குயவரிடம் சொல்லிச் செய்தும் வாங்கிவிட்டாள். பிள்ளை பிறந்த பிறகு கோயிலில் வைத்துத்தான் அதற்கு மையால் கண் எழுதுவார்கள்; அதுவரை முகத்தைத் துணியால் மூடி வைப்பது இங்கே முறை. வேலைப்பாடு நன்றாக இருந்தது. நான் துணியை அவிழ்த்துச் சீமாட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

"ஏங்க, கண்ணு தெறக்காத பிள்ளையை நாலு பேரு பாக்குற எடத்துலயா வைப்பாக?" என்றாள் மனைவி.

"மூடி வைக்கிறதுக்குக் கண்ணாடி அலமாரி எதுக்கு?"

"விடு ஆத்தா, அய்யாவோட கச்சேரியில அதுவும் ஒரு குமாஸ்தாவா நிக்கட்டும்" என்று மீனாட்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒரு மத்தியானம் பிள்ளை பிறந்தது. அழுகைச் சத்தம் கேட்டது. மருத்துவச்சி வெளியே வந்து, "பய நல்லாத்தான் இருக்கான். கண்ணைத்தான் தெறக்க மாட்டேங்கிறான்" என்றாள். கோயிலுக்கு எடுத்துவைக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். பூட்டு அதுவரை பூட்டியபடியேதான் இருந்தது. மண்பிள்ளைக்கு இரண்டு கண்கள் இருந்தன. தொட்டேன், கட்டைவிரலில் ஈரமாக மை ஒட்டியது. பயம் வரவில்லை. எதுவும் வரவில்லை. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

முறைப்படி விசாரித்தேன். "நான் இந்தத் தெருப்பக்கமே வரலை சாமி" என்றார் குயவர். கோயிலுக்குக் கொண்டுபோனால் பூசாரி கையால்கூடத் தொடவில்லை. "தெறந்த கண்ணை எங்க சாமி வாங்காது, கொண்டு போங்க." திருப்பி அனுப்பப்பட்ட மனுக்களை எத்தனையோ பார்த்தவன், கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தேன். பெரியகுளத்து டாக்டர் பேரனின் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, பிறவியிலேயே பார்வை இல்லை, சில பிள்ளைகளுக்கு இப்படி உண்டு என்றார். உண்டுதான்.

மீனாட்சியோடு எங்கள் வீட்டிலேயே வளரும் பேரன் இப்போது நன்றாகப் பேசுகிறான். சுவரைத் தடவித்தான் நடக்கிறான். ஆனால் கூடத்துக்கு யாராவது வந்தால் அடுக்களையில் இருந்துகொண்டே, "மாமா வந்திருக்காக, செவப்புத் துண்டு போட்டிருக்காக" என்கிறான். காது கூர்மை என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். துண்டின் நிறம் எந்தக் காதில் கேட்கும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. சுண்ணாம்பு தெறிக்கக் கூடாதென்று ஒரு போர்வையை எடுத்து அலமாரியை மூடினேன். அடுக்களையில் மீனாட்சியின் மடியில் இருந்தவன் சொன்னது கூடம்வரை கேட்டது.

"ஏன் ஆத்தா இருட்டிருச்சு?"

போர்வையை எடுத்துவிட்டேன். கூடத்துக்கு வெள்ளையடிக்கவில்லை.