மேலே ஏறிய பேரருவி

குற்றாலத்துப் பேரருவி போன ஞாயிற்றுக்கிழமை கீழிருந்து மேலே ஏறியது. நான் சொல்லவில்லை. என் தங்கை செண்பகத்துக்கு மாமனாராக வரவிருந்த செங்கோட்டைக்காரர் சொன்னார். சொன்னதோடு நின்றாரா? சம்பந்தமே வேண்டாம் என்று போய்விட்டார்.

எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. எழுதித் தீர்க்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செண்பகத்துக்கு ஏழரைச் சனி நடக்கிறது. அதைச் சொல்லியே இந்த மனிதர் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இழுத்தடித்தார். ஒருவழியாக மனம் இறங்கி, சீசனுக்குக் குளிக்க வரும்போது பேசி முடித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார். நாங்களும் மாப்பிள்ளை மோதிரம் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டோம்.

இதற்கு நடுவில் செண்பகம் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"அண்ணே, எம்மேல சனி உக்காந்திருக்கான், உக்காந்திருக்கான்னு எல்லாரும் சொல்லுதாவ. அவன நா ஒரு தடவ பாக்கணும்."

நியாயமான ஆசைதானே? டெலஸ்கோப் வாங்குவது என்று தீர்மானித்தேன்.

பட்டணத்துக் கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று கப்பல்காரர்கள் வைத்துக்கொள்வது. தோல் உறை, பித்தளைப் பளபளப்பு, அம்மிக்கல் கனம். மற்றது மெலிந்த நீளக் குழாய். முன்னால் ஒரு லென்ஸ், கண் வைக்கிற இடத்தில் ஒன்று, அவ்வளவுதான். செண்பகமே ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு மொட்டைமாடித் தட்டட்டிக்குப் படியேறிவிடலாம். சந்திரனைப் போட்டோ பிடிக்க ஆசை வந்தால் பின்னால் காமிராவைப் பொருத்தலாம். குழாய் லேசாக இருப்பதால் அதைத் தாங்கும் முக்காலி ஆடாது. லேசானதையே வாங்கினேன். வாங்க நினைக்கும் வாசகர்களுக்கும் அதையே சொல்வேன்.

ஒரே ஒரு சங்கதி... இதில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். நேராக்க வேண்டுமென்றால் நடுவில் இன்னும் லென்ஸ் வைக்க வேண்டும். கனம் கூடும், வெளிச்சம் குறையும். நட்சத்திரத்துக்கு எது தலை, எது கால்? எதற்கு அந்த வீண் சுமை?

புதிதாக வாங்கிய பெருமை யாரை விட்டது? குற்றாலத்தில் சம்பந்தி தங்கியிருந்த பங்களாவுக்கே குழாயைக் கொண்டுபோனேன். அவர் வராந்தாவில் நின்று அதன் வழியே பேரருவியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னவே இது, தண்ணி மேல ஏறுது?"

"லென்ஸ் அப்படி மாமா. தலைகீழாத்தான் காட்டும்."

"நேராக் காட்ட வக்கில்லாத கண்ணாடிய எதுக்குவே வாங்கினீரு?" குழாயை என் கையில் திணித்தார். "நல்ல காரியம் பேச வந்த எடத்துல தண்ணி மேல போகுது. ஏழரை வேலையக் காட்டிட்டுவே. இது சரிப்படாது."

அன்றைக்கே வில்வண்டியைப் பூட்டச் சொல்லி, திருவிதாங்கூர் எல்லையைத் தாண்டி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் கேட்கிறேன் — சற்று முன்னால்தானே அதே அருவியில் குளித்துவிட்டு வந்தார்? தண்ணீர் அவர் தலையில் விழுந்ததா, உள்ளங்காலிலிருந்து ஏறியதா? போகட்டும், நம் கண்ணுக்குள்ளேயே எல்லாம் தலைகீழாகத்தான் விழுகிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதற்காகக் கண்ணைப் பிடுங்கிப் போடுவாரா? ஒரு பெண்ணின் கல்யாணம் இரண்டு கண்ணாடித் துண்டுகளில் நின்றுபோகிறது என்றால், அந்தக் கல்யாணத்துக்கு அவர்கள் வீட்டில் என்ன மரியாதை இருந்திருக்கும்? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

செண்பகத்திடம் எப்படிச் சொல்வது என்று தவித்தேன். சொன்னேன். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

நேற்று சாயங்காலம் சாரல் விட்டு வானம் வெளுத்தது. விளக்கு வைத்ததும் அவளே குழாயைத் தூக்கிக்கொண்டு தட்டட்டிக்கு ஏறினாள். நான் குழாயில் சனியைப் பிடித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. அழுகிறாளோ என்று எனக்குப் பயம்.

தோள் குலுங்கியது. பார்த்தால், சிரிக்கிறாள்.

"அண்ணே, பெட்டியில கெடக்கிற மோதிரத்தக் கடையில குடுத்திரு."

"ஏம்மா?"

"இந்தச் சனி, தன்னச் சுத்தி வளையமா மோதிரத்தையும் போட்டுக்கிட்டுல்லா வந்து உக்காந்திருக்காரு. செங்கோட்டையான் மாதிரி பாதியில எந்திரிச்சும் போகல."

செங்கோட்டைக்காரருக்கு ஒரு வார்த்தை: தலைகீழாகப் பார்த்தாலும் மோதிரம் மோதிரமாகத்தான் தெரிகிறது, ஐயா.