கம்பெனிக்கு நான் அக்கா

என் போனில் நைட்டி விளம்பரமாகக் கொட்டியது. மனைவி பார்த்தால் “எவளுக்கு?” என்று கேட்பாளே எனப் பயந்து, அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் செல்போன் ரிப்பேர்காரரிடம் ஓடினேன். ஒல்லி மனிதர். எந்தப் போனையும் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் பார்ப்பார்.

“யாரோ ஹேக் பண்ணிட்டாங்க!” என்றேன்.

“தெனம் இன்னா பாக்குறே அண்ணாத்தே?”

“சமையல் வீடியோ. வீட்ல சமையல் நான்தான்.”

“அதான். சமைச்சா பொம்பளைன்னு வெளம்பரக் கம்பெனி முடிவு பண்ணிக்கீது. அதுக்கு நீ அக்கா!”

“மாத்த முடியாதா?”

“கிரிக்கெட் பாரு, ஆம்பளையாயிடுவே.”

அவர் போனிலும் நைட்டிதான் ஓடியது. ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன்.

“ஊட்ல நானும் சமைக்கிறேன். ஓடினா ஓடட்டுமே” என்று சட்டையில் துடைத்து வைத்தார்.

ஒரு வாரம் கிரிக்கெட் பார்த்தேன். இப்போது தாடி எண்ணெய் விளம்பரம் வருகிறது. சமையல் வீடியோ இல்லாமல் குழம்புதான் தினமும் தீய்கிறது. ரிப்பேர்காரரோ இன்னும் அக்காவாகவே, பயமில்லாமல் தாளித்துக்கொண்டிருப்பார்.